அகத்தியருக்குப் பக்கத்துல காணாம போன நட்சத்திரம்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல அகத்தியர் நட்சத்திரத்தைப் (இங்கிலீஷ்ல கனோபஸ்) பத்தி எழுதிட்டு கடைசில சும்மா ஒரு வரி போட்டேன், "1843ல கொஞ்ச நாளைக்கு அகத்தியரையே ஓரங்கட்டின ஒரு நட்சத்திரம் அதே பக்கத்துல இருந்துச்சு, அத பத்தி இன்னொரு நாள்" அப்டின்னு. அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டர்ல பாதி கூட அகத்தியருக்கு வரல. அதனால இந்த மாசம் முழுக்க அந்த நட்சத்திரம்தான், பட்டா மாத்தறது எப்டின்னு கேட்ட பாகூர் அன்பர் கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்): அண்ணே, அகத்தியரை விட பளிச்சுனு இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அது இப்ப எங்க போச்சு? வெடிச்சு செத்துப்போச்சா? எங்க தாத்தாவுக்கு தெக்கு வானம் அத்துப்படி, அவரு அப்டி ஒண்ணும் அங்க கிடையாதுங்கறாரு.

பதில்: தாத்தா சொல்றதுல தப்பில்ல தம்பி. அவரு கடலுக்குப் போன காலத்துல அது வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருந்திருக்கும், கடல்ல வேலை பாக்கறவரு அதையெல்லாம் கணக்குல வச்சுக்க மாட்டாரு.

பேரு ஈட்டா கரினே. கரினான்னா கப்பலோட அடிக்கட்டை. பழைய காலத்துல தெக்கு வானத்துல ஆர்கோன்னு ஒரே பெரிய கப்பலா கற்பனை பண்ணி வச்சிருந்தாங்க, அப்புறம் ரொம்ப பெருசா இருக்குன்னு பாய் தனி, பின்பக்கம் தனி, அடிக்கட்டை தனின்னு பாகப்பிரிவினை பண்ணிட்டாங்க, நம்ம அகத்தியரும் இந்த அடிக்கட்டை பங்குலதான் இருக்காரு. 1677ல எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்கு தன் பேரைக் குடுத்த அதே ஹாலிதான், செயின்ட் ஹெலினா தீவுல உக்காந்து தெக்கு வானத்துக்கு லிஸ்ட் போட்டப்ப இதை நாலாம் தரம்னு குறிச்சாரு. (நட்சத்திரத்துல தரம் கூடக்கூட மங்கல்னு அர்த்தம், கண்ணுக்கு எட்டற கடைசி தரம் ஆறு, ரொம்ப பிரகாசமானதுக்கு மைனஸ்ல போகும். ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டு மாதிரி, நம்பர் சின்னதா இருந்தா நல்லது.)

அப்புறம் 150 வருஷத்துக்கு மேல ஏறிச்சு, எறங்கிச்சு, யாரும் பெருசா கண்டுக்கல. 1837 டிசம்பர்ல ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவுல, நன்னம்பிக்கை முனையில, தெக்கு வானத்தை அளந்துக்கிட்டு இருந்தவரு ஒரு ராத்திரி நிமிர்ந்து பாத்தா, பல தடவை பாத்துப் பழகின நட்சத்திரம் பல மடங்கு பிரகாசமா நிக்குது. மனுசனுக்கு தூக்கம் போயிருக்கும். ஆனா பாவம், 1838ல அவரு பொட்டி கட்டிக்கிட்டு இங்கிலாந்து திரும்பிட்டாரு, அங்க இருந்து பாத்தா இந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலயே வராது. அவரு போனப்புறம் 1843ல உச்சத்துக்குப் போச்சு, கிட்டத்தட்ட மைனஸ் 1. வானத்துல சிரியஸுக்கு அடுத்து அதான், அகத்தியர் மூணாவது எடத்துக்கு தள்ளப்பட்டாரு. நம்மள விட்டு 7,500 ஒளியாண்டு (ஒளியாண்டுன்னா வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்) தள்ளி இருக்கற ஒண்ணு, எட்டரை ஒளியாண்டு பக்கத்துல இருக்கற சிரியஸ் கூட போட்டிக்கு நின்னுச்சுன்னா பாத்துக்கங்க. அந்த கலாட்டா 20 வருஷம் போல நீடிச்சு, 1850கள் கடைசில மளமளன்னு மங்கி, கொஞ்ச வருஷத்துல வெறுங்கண்ணுக்கு சுத்தமா மறைஞ்சு எட்டாம் தரம் பக்கம் போயிடுச்சு.

செத்துப்போகல. அதான் இந்தக் கதையில சுவாரசியமே. 1840கள்ல அது கக்கின பொருள் மட்டும் குறைஞ்சது 10 சூரியன் எடை இருக்கும்னு கணக்கு, சில கணக்குல அதுக்கும் மேல, அத்தனையும் வெளிய வந்து ஆறி தூசியாச்சு, அந்த தூசிக்குள்ள நட்சத்திரம் மறைஞ்சுபோச்சு. தெருவுல பஸ் போனா புழுதி கிளம்பி பஸ்ஸே தெரியாம போகுமே, அப்டி. வெளிச்சமும் அணைஞ்சுடல, தூசி அத முழுங்கி சூடாகி, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டா திருப்பி விடுது. 1968ல இன்ஃப்ராரெட்ல அளந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, அந்த அலைநீளத்துல சூரியக் குடும்பத்துக்கு வெளிய வானத்துலயே ரொம்ப பிரகாசமான சமாச்சாரங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு. தாத்தா கிட்ட சொல்லுங்க, அது எங்கயும் போகல, போத்திக்கிட்டு இருக்குன்னு.

கேள்வி (வில்லியனூர், பிளஸ் ஒன் மாணவி): சார், இந்த மாதிரி நட்சத்திரத்துக்கு "லூமினஸ் புளூ வேரியபிள்"னு பேருன்னு நெட்ல போட்டிருக்கு. நீலம்னு சொல்லிட்டு போன இதழ்ல ஆரஞ்சு கலர்ல படம் போட்டிருந்தீங்க. பிரிண்டிங் மிஸ்டேக்கா?

பதில்: அச்சகத்துக்காரங்க மேல எத்தனையோ பழி இருக்கு, இது மட்டும் அவங்க பண்ணலம்மா. நீ பாத்தது நட்சத்திரத்தோட படம் இல்ல, அத மூடியிருக்கற தூசிக் கூட்டோட படம். தூசி நீல வெளிச்சத்தை சிதறடிச்சுட்டு சிவப்பை மட்டும் கொஞ்சம் விடும், சாயங்கால சூரியன் சிவக்கற மாதிரிதான். டெலஸ்கோப்ல கண்ணு வச்சுப் பாக்கறவங்களுக்கே அது சின்ன ஆரஞ்சு கலர் பிசிறு மாதிரிதான் தெரியும்.

இப்ப பேருக்கு வருவோம், இந்தப் பேரு 1984ல பீட்டர் கான்டின்னு ஒருத்தர் வச்சது, பேச்சு வழக்குல எல்.பி.வி. நீலம்னா சூடுன்னு அர்த்தம். கொல்லன் பட்டறையில இரும்பு மொதல்ல சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் வெள்ளைன்னு போகும்ல, இரும்பு அதோட உருகி ஓடிடும், நட்சத்திரம் அதையும் தாண்டி நீலத்துக்குப் போகும். நம்ம சூரியன் மேற்பரப்பு 5,500 டிகிரி செல்சியஸ், இவங்க அமைதியா இருக்கறப்ப 12,000ல இருந்து 30,000 வரைக்கும். அவ்ளோ சூட்டுல வெளிச்சத்துல பெரும்பங்கு அல்ட்ரா வயலட்ல போயிடும், நம்ம கண்ணுக்கு அது கணக்குல வராது.

வேரியபிள்னா மாறிக்கிட்டே இருக்கும்னு அர்த்தம், இங்கதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க, நானும் ரொம்ப நாள் தப்பாதான் புரிஞ்சுக்கிட்டு இருந்தேன். பிரகாசம் கூடுதுன்னா உள்ள எரியறது கூடுதுன்னு நினைப்போம். இல்ல. வருஷக்கணக்குல மெதுவா நடக்கற சாதாரண ஏத்த எறக்கத்துல இவங்க வெளிவிடற மொத்த சக்தி பெருசா மாறவே மாறாது. என்ன ஆகுதுன்னா நட்சத்திரம் உப்புது, உப்பினா மேல்தோல் 8,000 டிகிரி பக்கம் ஆறுது, ஆறினா அல்ட்ரா வயலட்ல போய்க்கிட்டு இருந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியற பக்கமா எறங்கி வருது, நமக்கு "அடடா பிரகாசம் கூடிடுச்சே"ன்னு தோணுது. அதே சம்பளம், பேங்க்ல போட்டுக்கிட்டு இருந்தவன் திடீர்னு கையில எடுத்து செலவு பண்ண ஆரம்பிச்சா ஊரு அவனை பணக்காரன்னு சொல்லும்ல. இதுக்கு மாதிரி நட்சத்திரம் எஸ் டொராடஸ், நம்ம பால்வெளிக்குப் பக்கத்துல இருக்கற பெரிய மெகல்லன் மேகம்ங்கற குட்டி கேலக்ஸியில 1,60,000 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, அதனால இந்த வகை ஏத்த எறக்கத்துக்கே எஸ் டொராடஸ் வகைன்னு பேரு.

ஆனா 1843ல ஈட்டா கரினே பண்ணது இந்த வேஷம் மாத்தற வேலை இல்ல, அது நிஜமாவே மொத்த சக்தியும் கூடி உடம்பைப் பிச்சு எறிஞ்ச கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதம்மா.

கேள்வி (நெல்லிக்குப்பம், இல்லத்தரசி): அது ஏன் அப்டி பொங்குது? பால் பொங்கற மாதிரின்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்கலாம்மா, நான் யோசிச்சு வச்சிருந்ததை விட உங்க உதாரணம் நல்லாருக்கு. பால்ல என்ன நடக்குது, அடியில சூடு, மேல ஆடை மூடியிருக்கு, உள்ள இருந்து ஆவி தள்ளுது, ஒரு கட்டத்துல தூக்கிக்கிட்டு வெளிய வந்துடும், வந்ததும் பாத்திரத்துல கொஞ்சம் அடங்கும். இங்க ஆவிக்குப் பதிலா தள்ளறது வெளிச்சம்.

வெளிச்சத்துக்கு தள்ளற சக்தி உண்டு. நம்ம மேல வெயில் படறப்ப அது நம்மள தள்ளத்தான் செய்யுது, ரொம்ப ரொம்ப கொஞ்சமா, அதனால தெரியல. நட்சத்திரத்துக்குள்ள இருக்கற எலக்ட்ரான் மேல வெளிச்சம் முட்டி வெளிய தள்ளும், ஈர்ப்பு உள்ள இழுக்கும். சூரியன்ல ஈர்ப்பு சுலபமா ஜெயிச்சுடும். ஆனா நட்சத்திரம் எடை கூடக்கூட வெளிச்சம் அதை விட வேகமா கூடும், எடை 100 மடங்குன்னா வெளிச்சம் பத்து லட்சம் மடங்குக்கும் மேல எகிறும். இப்டியே போனா ஒரு எடத்துல தள்ளறதும் இழுக்கறதும் சமமாயிடும், அந்த வரம்பைக் கணக்கு போட்டு சொன்னவரு ஆர்தர் எடிங்டன், அதனால எடிங்டன் வரம்பு. (செத்துப்போன நட்சத்திரம் எவ்ளோ எடை வரைக்கும் தாங்கும்ங்கற விஷயத்துல நம்ம ஊரு விஞ்ஞானி சந்திரசேகர் கூட 1935ல மோதினாரே, அவரேதான். அந்த சண்டையில எடிங்டன் பக்கம் தப்பு, இதுல சரி.) எல்.பி.வி எல்லாம் இந்த வரம்போட ஓரத்துலயே குடித்தனம் பண்ற ஜாதி. கொஞ்சம் சமநிலை தவறினாலும் மேல்தோல் கழண்டு கிளம்பிடும்.

ஈட்டா கரினே இன்னிக்கும், இந்த அமைதியான காலத்துலயும், வருஷத்துக்கு சூரியனோட எடையில ஆயிரத்துல ஒரு பங்கை காத்தா ஊதித் தள்ளிக்கிட்டு இருக்கு. அதாவது வருஷம் ஒரு வியாழன் கிரகம் காலி. சூரியன் மாதிரி 50 லட்சம் மடங்கு பிரகாசம்னு கணக்கு, சூரியன் ஒரு முழு வருஷம் குடுக்கற சக்தியை இது ஆறு ஏழு செகண்டுல குடுத்துடும். இவ்ளோ ஊதாரித்தனம் பண்ணா ஆயுசு எப்டி இருக்கும், சூரியனுக்கு 1,000 கோடி வருஷம்னா இந்த மாதிரி ஆளுங்களுக்கு 30 லட்சம் வருஷம் பக்கம்தான்.

ஆனா 1840கள்ல அவ்ளோ பெரிய பொங்கல் ஏன் வந்துச்சுங்கறதுக்கு வெறும் எடிங்டன் வரம்பு போதாது, அதுல இன்னிக்கும் ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள வாக்குவாதம் ஓடுது. 2018ல நேதன் ஸ்மித்தும் அவரோட குழுவும் சொன்ன யோசனை, அங்க மொதல்ல மூணு நட்சத்திரம் இருந்து ரெண்டு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோனதுதான் அந்த வெடிப்புன்னு. எனக்கு இந்தக் கதை பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்குங்கறதுக்காக அதான் உண்மைன்னு எழுதிட மாட்டேன்.

கேள்வி (பண்ருட்டி): அய்யா, எவ்வளவு பெருசுன்னு நம்பரா சொல்லாம எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லவும்.

பதில்: பண்ருட்டிக்காரர் கேக்கறீங்க, பலாப்பழம் இல்லாம பதில் சொன்னா அடிக்க வருவீங்க. சூரியனை ஒரு கடுகுன்னு வச்சுக்கங்க, ரெண்டு மில்லிமீட்டர். பூமி அதுல கண்ணுக்கே தெரியாத தூசு. அந்தக் கணக்குல ஒரு எல்.பி.வி சாதாரணமா இருக்கறப்ப பலாப்பழம், உப்பறப்ப அந்தப் பழம் பல மடங்கு பெருசாகி அண்டா சைசுக்குப் போகும். கடுகு மாதிரி நூறு எடுத்தா பலாப்பழ எடை வருமா? வராதுல்ல. ஆனா இங்க அப்டித்தான், ஈட்டா கரினேவோட பெரிய நட்சத்திரம் (அங்க இப்ப ரெண்டு இருக்கு, அடுத்த கேள்வியில வருது) எடையில ஏறக்குறைய 100 சூரியன்தான், சைசு மட்டும் அவ்ளோ. உள்ள நடுவுல கொட்டை கெட்டி, வெளிப்பக்கமெல்லாம் காத்து மாதிரி லேசு.

இன்னொண்ணு, பலாப்பழத்துக்கு தோல் எங்க முடியுதுன்னு கைய வச்சு சொல்லலாம். ஈட்டா கரினேக்கு சொல்ல முடியாது. அது ஊதற காத்து அவ்ளோ அடர்த்தி, நமக்குத் தெரியறது நட்சத்திரமா இல்ல அத சுத்தி இருக்கற காத்தான்னு பிரிக்கவே முடியல, அதனால ஆளாளுக்கு ஒரு சைசு சொல்லுவாங்க.

அப்புறம் அந்த தூசிக் கூடு. அதுக்கு ஹோமுன்குலஸ்னு பேரு, லத்தீன்ல குட்டி மனுசன். என்ரிக் கவியோலான்னு ஒரு அர்ஜென்டினாக்காரர் அந்தக் காலத்து போட்டோவுல தலை, கை, காலு எல்லாம் இருக்கற குட்டி மனுசனா பாத்து 1950ல இந்தப் பேரை வச்சாரு. ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படம் வந்தப்புறம் மனுசன் காணாம போயிட்டான். எனக்கு அது ரெண்டு கொட்டை மல்லாட்டையாதான் (வேர்க்கடலை) தெரியுது, நம்ம பக்கத்துல பாக்கற யாருக்கும் அப்டிதான் தெரியும், நடுவுல இடுப்பு ஒடுங்கி ரெண்டு பக்கமும் உருண்டை. அந்த மல்லாட்டை ஒரு நொடிக்கு 650 கிலோமீட்டர் வேகத்துல விரிஞ்சுக்கிட்டு இருக்கு. கடலூர்ல இருந்து கிளம்பினா ஒரே நொடியில கன்னியாகுமரியைத் தாண்டி கடல்ல இருப்பீங்க. அப்டி விரிஞ்சு விரிஞ்சு இப்ப நீளம் முக்கால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் கம்மி, நம்ம கடுகுக் கணக்குல ஒம்பது கிலோமீட்டர். ஒரு கடுகு, ஒரு பலாப்பழம், அத சுத்தி ஒம்பது கிலோமீட்டருக்கு புழுதி.

கேள்வி (காலாப்பட்டு, கல்லூரி மாணவர்): இது ரெண்டு நட்சத்திரம்னு படிச்சேன், தூசிக்குள்ள இருக்கறத எப்டி எண்ணினாங்க?

பதில்: நல்ல கேள்வி, இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் இதான். பிரேசில்ல அகஸ்டோ தமினேலின்னு ஒருத்தர், 1996ல, இதோட நிறமாலையில, அதாவது வெளிச்சத்தை வானவில் மாதிரி பிரிச்சா வர்ற பட்டையில, சில கோடுங்க அஞ்சரை வருஷத்துக்கு ஒரு தடவை மறைஞ்சு திரும்பி வருதுன்னு கண்டுபிடிச்சாரு. பொங்கற பாலுக்கு டைம்டேபிள் கிடையாது, டைம்டேபிள் போட்டு வருதுன்னா ஒண்ண ஒண்ணு சுத்துதுன்னு அர்த்தம். இப்ப கணக்கு 5.54 வருஷம். சுத்தற பாதை ரொம்ப நீளவட்டம், தள்ளிப் போறப்ப சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் இருக்கற தூரம், கிட்ட வர்றப்ப சூரியனுக்கும் செவ்வாய்க்கும் இருக்கற தூரம்.

பெரிய நட்சத்திரத்தோட காத்து அடர்த்தி, ஆனா மெதுவா நொடிக்கு 420 கிலோமீட்டர் பக்கம், சின்னதோட காத்து லேசு, ஆனா நொடிக்கு 3,000 கிலோமீட்டர். (சின்னதுன்னா சும்மா இல்ல, அதுவே 30 சூரியன் எடை.) ரெண்டு காத்தும் நடுவுல முட்டிக்கிற எடத்துல கோடிக்கணக்கான டிகிரி சூடு ஏறி எக்ஸ்ரே கிளம்புது, அந்த எக்ஸ்ரே தூசியைத் துளைச்சுக்கிட்டு நம்ம சாட்டிலைட்டுக்கு வந்துடுது. ரெண்டும் நெருங்கி வர வர எக்ஸ்ரே கூடிக்கிட்டே போய், ரொம்ப கிட்ட வந்ததும் பட்டுனு கட் ஆயிடும், சின்னது பெரியதோட அடர்த்தியான காத்துக்குள்ள முங்கிடறதால. 2014ல, 2020ல, 2025ல நடந்துச்சு, அடுத்தது 2031 தொடக்கத்துல. படிப்பு முடிஞ்சு வேலைக்கு சேந்திருப்பீங்க தம்பி, ஞாபகம் வச்சுக்கங்க.

கேள்வி (முத்தியால்பேட்டை): இது வெடிச்சா பூமி அழிஞ்சுடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா?

பதில்: இல்ல. என்னிக்கோ ஒரு நாள் சூப்பர்நோவாவா வெடிக்கும், 7,500 ஒளியாண்டு தூரம், நமக்கு ராத்திரியில கண்ணுக்கு விருந்து, அவ்ளோதான். காமா கதிர் பீய்ச்சினாக்கூட அது சுத்தற அச்சு நம்ம பக்கம் பாக்கல. அந்த மெசேஜை உங்களுக்கு அனுப்பினவருக்கு இதை அனுப்புங்க.

கேள்வி (புதுச்சேரி, குருசுக்குப்பம்): 1843ல நடந்ததுக்கு போட்டோ கூட கிடையாது, அப்புறம் எப்டி இவ்ளோ விலாவாரியா பேசறாங்க?

பதில்: இதுக்கு பதில் கேட்டா நம்ப மாட்டீங்க. அந்த வெளிச்சம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. 1840கள்ல நேரா நம்ம பக்கம் கிளம்பின வெளிச்சம் அப்பவே வந்து போயிடுச்சு, ஆனா வேற திசையில போன வெளிச்சம் தூரத்துல இருக்கற தூசி மேகத்துல பட்டு திரும்பி சுத்துவழியா இப்ப வந்து சேருது. கோயில் மதில்ல கூப்பிட்டா எதிரொலி வருமே, அதே மாதிரி ஒளிக்கு எதிரொலி. ஆர்மின் ரெஸ்ட் குழு இதைக் கண்டுபிடிச்சு 2012ல வெளியிட்டாங்க. ஹெர்ஷல் காலத்துல நட்சத்திரத்தோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பதிவு பண்ணி வைக்கற வசதி கிடையாது, 170 வருஷம் கழிச்சு லேட்டா வந்த வெளிச்சத்தை இவங்க பிரிச்சுப் பாத்துட்டாங்க, அப்ப அது 5,000 டிகிரி பக்கம் ஆறிப் போயிருந்துச்சுன்னு தெரிஞ்சுது. கிட்டத்தட்ட நம்ம சூரியன் நிறம். நீலமே இல்ல!

கேள்வி (கடலூர் முதுநகர்): நம்ம முன்னோர்கள் யாராவது இதைப் பத்தி எழுதி வச்சிருக்காங்களா?

பதில்: எழுதி வச்சவங்க கதை ஒண்ணு இருக்கு சார், ஆனா நம்ம ஊரு இல்ல, ஆஸ்திரேலியா. விக்டோரியாவுல டைரல் ஏரிப் பக்கம் இருந்த பூரோங்னு ஒரு பழங்குடி, அவங்ககிட்ட கேட்ட நட்சத்திரக் கதையை எல்லாம் வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ்னு ஒருத்தர் 1850கள்ல எழுதி வச்சாரு. அவங்களுக்கு நம்ம அகத்தியர் ஒரு காக்கா. அந்தக் காக்காவோட பொண்டாட்டின்னு பக்கத்துல ஒரு செவந்த நட்சத்திரம் சொல்லியிருக்காங்க. அது ஈட்டா கரினேதான்னு 2010ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. பிரகாசமா எழுந்து வந்ததைப் பாத்து கதையில எடம் குடுத்திருக்காங்க, அதான் விசேஷம். நம்மாளுங்க பேரு வச்சிருந்தா லோபாமுத்திரைன்னு வச்சிருப்பாங்களோ என்னமோ.

நம்ம ஊருக்கும் தெக்கு வானத்துக்கும் வேற பந்தம் உண்டு. 1689 டிசம்பர்ல ரிஷோன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் இதே புதுச்சேரியில ஒரு வால்நட்சத்திரத்தை டெலஸ்கோப்ல தேடிக்கிட்டு இருந்தப்ப, ஆல்ஃபா சென்டாரி ஒண்ணு இல்ல ரெண்டுன்னு கண்டுபிடிச்சாரு. அதே ஊர்லதான் 1769 ஜூன்ல லெ ஜான்டில்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் வெள்ளி சூரியனைக் கடக்கறத பாக்க வருஷக்கணக்கா காத்திருந்து, சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடி ஏமாந்து போனாரு. நம்ம மேகம் யாருக்கும் பாவம் பாக்காது.

கேள்வி (அரியாங்குப்பம்): சரிங்க, இப்ப அதை எங்க இருந்து எப்ப பாக்கலாம்? டெலஸ்கோப் வேணுமா?

பதில்: வேணாம். இந்த இதழ் உங்க கைக்கு வர்றப்ப பங்குனி பொறந்திருக்கும், அதான் சரியான நேரம். அமாவாசை ஒட்டின நாளா பாத்து ராத்திரி ஒம்பதரைக்கு தெக்கப் பாத்து நில்லுங்க. வலது கைப்பக்கம் சாய்வா பளிச்சுனு வெள்ளையா நிக்கறவரு அகத்தியர். இடது கைப்பக்கம் அதை விடக் கொஞ்சம் தாழ்வா, கைய நீட்டி முஷ்டியை மடக்கினா அடிவானத்துல இருந்து ஒண்ணரை முஷ்டி ஒசரத்துல பாருங்க, பைனாகுலர்ல ஒரு பெரிய வெளிச்சத் திட்டு தெரியும். அது கரினா நெபுலாங்கற வாயு, தூசி மேகம், அதுக்குள்ள பிரகாசமா நிக்கற புள்ளிதான் நம்ம ஆளு. சித்திரை பொறந்தப்புறம்னா அதே ஒம்பதரைக்கு நேர் தெக்குல, ரெண்டு முஷ்டிக்கு கொஞ்சம் கம்மியா, அதுக்கு மேல அது நம்ம ஊருக்கு ஏறாது. புதுச்சேரி பீச் ரோட்டுல நின்னு பாக்க ட்ரை பண்ணாதீங்க, அவ்ளோ லைட்டு. வீராம்பட்டினம், நல்லவாடு பக்கம் மணல்ல எறங்கி நின்னா பரவால்ல. அப்பவும் கடல் மேல ஈரக்காத்து மூட்டமா இருந்தா ஒண்ணும் தெரியாது, அடுத்த நாள் வாங்க.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். அங்க தெற்குச் சிலுவை மாதிரியே ஒரு போலிச் சிலுவை இருக்கு, அகத்தியருக்கும் ஈட்டா கரினேக்கும் நடுவுல. மூணு வருஷம் முன்னாடி சில்வர் பீச்ல சொந்தக்காரங்க பன்னெண்டு பேரை வரிசையா நிக்க வச்சு, இதான் தெற்குச் சிலுவை, இதுக்கு வலது பக்கம் பாருங்கன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன், எல்லாரும் "ஆமாமா தெரியுது"ன்னு வேற சொன்னாங்க. கடைசில அக்கா பொண்ணு போனை நீட்டி "மாமா, ஆப்ல இது போலிச் சிலுவைன்னு காட்டுது, நெஜ சிலுவை அந்தப் பக்கம் இருக்கு"ன்னா. சுண்டல் வாங்கிக் குடுத்து சமாளிச்சேன். போலி கொஞ்சம் பெருசு, மங்கல். நெஜம் சின்னது, பளிச்சுனு இருக்கும், இன்னும் கிழக்கால தள்ளி லேட்டா எழும்பும். ஈட்டா கரினே ரெண்டு சிலுவைக்கும் நடுவுல.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): தெக்குப் பக்கம் எங்க வீட்டு மாடியில அபார்ட்மென்ட் மறைக்குது. வடக்குப் பக்கம் இந்த ஜாதியில ஏதாவது இருக்கா?

பதில்: இருக்குங்க, பி சிக்னை. 1600 ஆகஸ்ட்ல வில்லெம் பிளாவ்ங்கற டச்சு வரைபடக்காரர் புதுசா ஒரு நட்சத்திரம் முளைச்சிருக்குன்னு பாத்தது, அப்ப மூணாம் தரம், இப்ப அஞ்சாம் தரம் பக்கம். ஆவணி கடைசி, புரட்டாசில ராத்திரி ஒம்பது மணி வாக்குல வடக்க நல்ல ஒசரத்துல அன்னப்பறவை மண்டலத்துல இருக்கும். ஐப்பசிக்கு தள்ளிப் போடாதீங்க, அப்புறம் மழையும் புயலும் நம்ம கடலூரை என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியும்.

கேள்வி (தேவனாம்பட்டினம், அதே தம்பி, வாட்ஸ்அப்ல): அண்ணே லெட்டர் போட்டப்புறம் தோணுச்சு. அந்தப் புழுதி எப்ப அடங்கும்?

பதில்: அடங்கிக்கிட்டே இருக்கு தம்பி. மல்லாட்டை விரிய விரிய தூசி கலைஞ்சு, 1940கள்ல இருந்து அது மெதுவா பிரகாசம் கூடிக்கிட்டு வருது, இப்ப நாலாம் தரம் பக்கம் வந்தாச்சு, 1677ல ஹாலி பாத்து குறிச்சாரே கிட்டத்தட்ட அதே எடம். நல்ல இருட்டு இருந்தா வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு பங்குனி ராத்திரி தாத்தாவை மணல்ல உக்கார வச்சு காட்டுங்க, இல்லன்னு சொல்றாரான்னு பாப்போம்.